இசக்கி அண்ணாச்சியின் பேட்டரிக் கணக்கு

இருங்க இருங்க அக்கா, சிரிக்க வைக்கிறேன். சத்தியமா வயிறு வலிக்கும். உங்க டூரிஸ்ட் வேன் டிரைவர் டயர் மாத்தி முடிக்க எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஒரு கதை சொல்லி, கடைசியில் உங்களைக் கண்ணில் தண்ணி வரச் சிரிக்க வைக்கலைன்னா என் பேரு மிருதுளா இல்லை. ஆனா இப்பவே சிரிக்கக் கூடாது. நானே சொல்றேன், எப்ப சிரிக்கணும்னு.

முதல்ல நீங்க கேட்டதுக்குப் பதில். இது ஷூட்டிங் வண்டி இல்லைக்கா. உள்ள ஹீரோயின் யாரும் இல்லை. மூணு பெர்த், சின்னதா ஒரு ஃபிரிட்ஜ், ஒரு கேஸ் அடுப்பு, எங்க அம்மாவோட மூக்கு மெஷின், அவ்வளவுதான். எங்க பழைய ஜீப்பு இதை இழுக்கும், இது பின்னாலயே வரும். கரூரில் கிளம்பி இந்தத் தரங்கம்பாடி வர்ற வரைக்கும் டீ குடிக்க நிறுத்தின இடத்தில் எல்லாம் இதே கேள்விதான். குளித்தலையில் ஒருத்தர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார். அம்மா உள்ள உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டு இருந்தாங்க, கண்ணெல்லாம் தண்ணி. அவர் பின்னால திரும்பி, "சோக சீன் போலருக்கு, சத்தம் போடாதீங்கப்பா"ன்னு ஊரையே அடக்கிட்டுப் போனார்.

இது அந்தச் சிரிப்பு இல்லை. இது சும்மா இடையில்.

அசல் கதையில் ஏமாந்தவர் அதோ நிக்கிறார் பாருங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, அலை வந்தா ரெண்டடி பின்னால குதிக்கிறாரே, அவர்தான். எங்க அப்பா, செங்கோட்டுவேல். பக்கத்தில் பச்சைப் புடவை, அம்மா. அப்பா கரூரில் ஒரு பஸ் பாடி கட்டுற பட்டறையில் போர்மேன். வெறும் சேசிஸை ஓட்டிட்டு வந்து விட்டா, நாற்பது நாளில் கண்ணாடி, சீட்டு, சாமி படம் வைக்கிற இடம் வரைக்கும் கட்டி, பஸ்ஸா அனுப்பி வைப்பார். அப்பேர்ப்பட்ட ஆளை ரெண்டு மாசம், முழுசா ரெண்டு மாசம், ஒரே ஒரு போனை வச்சு ஏமாத்தினது யாரு? உங்க முன்னால நிக்கிற இந்தப் பொண்ணுதான்.

என்னால யார் குரலையும் பேச முடியும்க்கா. பெருமைக்குச் சொல்லலை. பெருமைக்குத்தான் சொல்றேன். எங்க ஹெச்.எம். மேடம் குரலில் ஸ்டாஃப் ரூமுக்குப் போன் பண்ணி, "லெவன்த் பி செக்ஷனுக்கு இன்னைக்குக் கடைசி பீரியட் கிரவுண்டுங்க, டெஸ்ட் வேண்டாம்"னு சொன்னேன். பிசிக்ஸ் சார் எழுந்து நின்னு "யெஸ் மேடம்"னாராம். பட்டறை வெல்டர் லூர்துசாமி அண்ணன் குரலில் அப்பாவைக் கூப்பிட்டு மூணு தடவை டீ வாங்கி வரச் சொல்லியிருக்கேன், அப்பாவும் வாங்கிட்டு வந்திருக்கார். லூர்து அண்ணனுக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை, போர்மேன் ஏன் தனக்கு டீ வாங்கிட்டு வர்றார்னு.

இப்ப அம்மா விஷயம். இதில் சிரிக்க ஒண்ணும் இல்லை, ஆனா இது இல்லாம கதை இல்லை. அம்மாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்னு நின்னு வரும். டாக்டர் ஒரு மெஷின் கொடுத்தார். முகத்தில் மாஸ்க், அதிலிருந்து நீளமா ஒரு ட்யூப், மெஷின் காத்தை உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். நான் முதல் நாள் பார்த்துட்டு, "அம்மா, யானைக்குத் தும்பிக்கை முளைச்ச மாதிரி இருக்கு"ன்னேன். அம்மா அந்த மாஸ்க்கோடவே பிளிறிக் காட்டினாங்க. அந்த மாதிரி அம்மாதான். ஆனா தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மண்டபத்தில் கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் வர அரை மணி நேரம். மெஷின் நின்னதும் அம்மா திணறி எழுந்தது, சொந்தக்காரங்க எல்லாம் டார்ச் அடிச்சுக்கிட்டுச் சுத்தி நின்னது... அதோட சரி. மூணு வருஷமா அம்மா எந்த ஊரிலும் ராத்திரி தங்கினதே இல்லை. சொந்தத் தம்பி புது வீடு கட்டினப்ப காலை பஸ்ஸில் போய் மத்தியான பஸ்ஸில் வந்துட்டாங்க. கடல் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. கரூரில் இருந்து கடலைப் பார்த்துட்டு அன்னைக்கே திரும்புறதுன்னா, கடலுக்கு ஒரு வணக்கம் மட்டும்தான் வைக்க முடியும்.

அதனாலதான் அப்பா இதைக் கட்டினார். ஒரு ஸ்லீப்பர் பஸ்ஸை உடைக்கக் கொண்டு வந்தப்போ, அதோட பெர்த், ஜன்னல், தகரம் எல்லாம் கேட்டு வாங்கி, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா ஒட்டி ஒட்டிக் கட்டினது. அந்த ஜன்னலுக்கு மேல பாருங்க, 'அவசர வழி'ன்னு எழுதியிருக்கா? அதை அழிக்கவே மாட்டேன்னுட்டார். "எழுத்து நல்லா இருக்குது, இருந்துட்டுப் போகட்டும்"னார்.

வண்டி ரெடி. கரண்டு?

இங்கதான் எங்க அப்பா பஸ்காரர் புத்தியைக் காட்டினார். "ஏனுங்க லூர்து, ரெண்டு பேட்டரி அம்பத்திரண்டு பேரையும் அவங்க மூட்டை முடிச்சையும் தூக்குதே, ஒருத்தி மூச்சு விடறதுக்கு ஒரு பேட்டரி பத்தாதா?" லூர்து அண்ணன் மூக்கை உறிஞ்சிட்டு, "தாராளம் போர்மேன்! மிச்சம் இருந்தா நம்ம பட்டறைக்கு ஒரு வயர் இழுத்துக்கலாம்"னார். மேல நூறு வாட் பேனல் ஒண்ணு. இவ்வளவு பெரிய வண்டிக்கு அது நெத்தியில் வச்ச பொட்டு மாதிரி இருந்தது.

நான் சொன்னேன்க்கா. "அப்பா, அது ஸ்டார்ட் பண்ற பேட்டரி. ராத்திரி பூரா ஓட்டுற பேட்டரி வேற." நோட்டில் கணக்கு எழுதிக் காட்டினேன். அப்பா நோட்டை வாங்கித் தலைகீழா ஒரு தடவை, நேரா ஒரு தடவை பார்த்தார். "பிசிக்ஸில் எவ்வளவு மார்க்கு கண்ணு?"ன்னு கேட்டார். நாற்பத்தொண்ணு. லூர்து அண்ணன் சிரிச்ச சிரிப்பில் வெல்டிங் கண்ணாடி கீழ விழுந்துடுச்சு.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் சோதனை. ஃபிரிட்ஜ், ஃபேன் ரெண்டு, அம்மாவோட மெஷின், எல்லாம் ஒம்பது மணிக்குப் போட்டார். அம்மா உள்ள பெர்த்தில் புது விரிப்பெல்லாம் விரிச்சு, ஜன்னலுக்குத் திரை கூடத் தைச்சு மாட்டியிருந்தாங்க. ரெண்டு மணிக்கு இன்வெர்ட்டர் 'கீ... கீ... கீ...'ன்னு அழ ஆரம்பிச்சுது. ரெண்டேகாலுக்கு எல்லாம் நின்னு போச்சு. அப்பா பேட்டரியை ரெண்டு தட்டு தட்டினார். லூர்து அண்ணன் வயரை ஆட்டினார். அம்மா மெஷின் ட்யூபை மெதுவாச் சுருட்டி டப்பாவில் வச்சாங்க. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்"னாங்க. மாட்டின திரையையும் கழட்டிட்டாங்க.

சரி, அதை விடுங்க. அன்னைக்குத்தான் இசக்கி அண்ணாச்சி பிறந்தார்.

எங்க அப்பாகிட்ட ஒரு குணம்க்கா. வீட்டில் இருக்கிறவங்க தங்கத்தைக் காட்டினாலும் தகரம்பார். வெளியூர்க்காரன், அதுவும் வயசானவன், அதுவும் இருமிக்கிட்டே சொன்னா, தகரமும் தங்கம். அதனால என் ஃபிரெண்டு ஃபர்ஹானாகிட்ட, அவ வீட்டில் சும்மா கிடந்த போனை வாங்கிட்டு வந்து, மொட்டை மாடியில் ஏறி நின்னுக்கிட்டு, தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டு அப்பாவுக்கு அடிச்சேன். அப்பா கீழ வாசல்லதான் இருந்தார்.

"அலோ... செங்கோட்டுவேலா? நான் திருநவேலி இசக்கிமுத்து பேசுதேன் வே. முப்பந்தல் கரண்டு காத்தாடிக் கம்பெனில முப்பது வருசம் இஞ்சினியரு. இப்ப சும்மாதான் கெடக்கேன். நீரு ஏதோ வண்டி கட்டிப் பேட்டரி தெரியாம முழிக்கீராமே? ஊரே சிரிக்கு!"

அப்பா, "சொல்லு கண்ணு"ன்னார்.

எனக்கு உசுரே போச்சு. உடனே இருமல். "சொல்லுங்க அண்ணாச்சி"ன்னு மாத்திக்கிட்டார். அது ஒண்ணும் இல்லைக்கா, எங்க ஊர்ப் பக்கம் எல்லாரையும் கண்ணும்பாங்க. ஆட்டுக்குட்டியையே கண்ணும்பாங்க. பழக்க தோஷம்.

ஏன்க்கா சிரிக்கிறீங்க? இன்னும் வரலையே. பொறுங்க.

"ஸ்டார்ட் பண்ணுத பேட்டரி இருக்கு பாத்தீரா, அது கபடிக்காரன் மாதிரி வே. ஒரு மூச்சு தம் புடிச்சு ஓடி நாலு பேரைத் தொட்டுட்டு வந்து உக்காந்துருவான். உமக்கு வேணும்கிறது திருச்செந்தூருக்கு நடந்தே போறவன். மெல்லப் போவான், ராத்திரி பூராவும் போவான். அதுக்குப் பேரு ட்யூபுலர். தெரியுதா?"

"தெரியுதுங்க அண்ணாச்சி. அண்ணாச்சி, ஒரு நிமிசம். வெயில்ல நிக்காதீங்க. தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் நிழலு இருக்கும், அங்க தள்ளி நின்னு பேசுங்க."

எவ்வளவு மரியாதை பாருங்க! எங்கயோ திருநெல்வேலியில் இருக்கிற பெரியவருக்கு வெயில் படக் கூடாதுன்னு கவலை. தொட்டி எப்படித் தெரியும்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். எல்லா வீட்டு மாடியிலும்தான் தொட்டி இருக்கு. நானும் நிழலுக்குத் தள்ளி நின்னுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை அண்ணாச்சி வகுப்புதான். அப்பா பட்டறையில் இருக்கும்போது கூப்பிட்டா ஸ்பீக்கரில் போட்டுடுவார். "கேளு லூர்து, முப்பந்தல் இஞ்சினியர் சொல்றார், காதுல வாங்கு"ம்பார். அன்னைக்கு என் நோட்டைப் பார்த்துச் சிரிச்ச அதே லூர்து அண்ணன், அதே கணக்கை, அதே நம்பரை, "சரிங்க ஐயா, சரிங்க ஐயா"ன்னு தகரத்தில் சாக்பீஸால எழுதிக்கிட்டாராம். நானாவது சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடிச்சேன். அப்பா பாவம், பின்னால ஏதோ 'க்க்க்'னு சத்தம் வரும், தூசி அலர்ஜி அவருக்கு.

கணக்கு ரொம்ப சுலபம்க்கா, நீங்களும் வண்டி கட்டினா வச்சுக்குங்க. எது எது ஓடும், எத்தனை வாட், எத்தனை மணி நேரம். பெருக்கி, எல்லாத்தையும் கூட்டணும். அம்மாவோட மெஷின் நாற்பது வாட், எட்டு மணி நேரம்னா முந்நூத்தி இருபது. ஃபேன் ரெண்டும் பத்து மணி நேரம் சுத்தினா ஐநூத்தி அறுபது. ஃபிரிட்ஜ் நின்னு நின்னு ஓடும், அதுக்கு ஒரு நானூத்தி முப்பது. லைட்டு, போனு, தண்ணி மோட்டாருன்னு சில்லறை. ஆயிரத்து ஐநூறுக்குப் பக்கத்தில் வரும். "வழியில ஒழுகுறதுக்குக் கொஞ்சம் சேத்துக்கிடும் வே, கால்வாய்ல விட்ட தண்ணி அப்படியேவா வயலுக்கு வருது?"ன்னு அண்ணாச்சி சொன்னார். ஆயிரத்து எழுநூத்தைம்பது. ஒரு பேட்டரியில் எழுதியிருக்கிறது ஆயிரத்து எண்ணூறு. அப்பா உடனே, "அப்ப ஒண்ணு போதுங்களே!"ன்னார். பார்த்தீங்களா, இதுதான் எல்லாரும் விழுற குழி. பேட்டரியைப் பாதிக்கு மேல காலி பண்ணினா அதுக்கு ஆயுசு போயிடும். ஆக, ரெண்டு பேட்டரி. மேல பேனல்? நல்ல வெயில் அஞ்சு மணி நேரம்தான். அதிலும் தூசி, சூடு, படுக்க வச்ச கோணம்னு கால்வாசி போயிடும். இருநூத்தம்பது வாட்டில் ரெண்டு போட்டே ஆகணும். பொட்டு எல்லாம் பத்தாது, நெத்தி பூரா பட்டை போடணும்.

இப்படி ஒழுங்காப் போயிட்டு இருந்தப்பதான் ஒரு நாள் அப்பா, "அண்ணாச்சி, ஒரு சந்தேகம்ங்க. எம்பட மக தலை காய வைக்கிற மெஷின் ஒண்ணு வச்சிருக்குது. அது எவ்வளவு இழுக்கும்?"னு கேட்டார்.

என்னோட ஹேர் டிரையர்க்கா! கடல் தண்ணியில் குளிச்சா தலை என்னத்துக்கு ஆகும், நீங்களே சொல்லுங்க. நான் கொஞ்சமும் யோசிக்கலை. "அது சின்னப் பிள்ள சாமான்லா வே. இருபது வாட்டு. கணக்குலயே சேக்க வேண்டாம்"னேன்.

"அப்படிங்களா! கம்பி சூடாகித்தான அதுல காத்து வருது? அப்ப நம்ம இஸ்திரிப் பெட்டியும் இருபது வாட்டுலதான் இருக்கும். சந்தோசம்ங்க. அதையும் எடுத்து வச்சுக்கறேன். எனக்குத் தினம் ரெண்டு சட்டை தேய்க்கோணும்."

எங்க அப்பா மடிப்பு கலையாத சட்டை போடாம வாசலுக்குக் கூட வர மாட்டார். இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட்! என் டிரையர் ஆயிரத்து இருநூறு. மனசுக்குள்ளயே பெருக்கினேன். என் தலை கால் மணி நேரம் காய்றதுக்கு முந்நூறு. அம்மா ஒரு ராத்திரி முழுக்க மூச்சு விட முந்நூத்தி இருபது. அந்தத் திரையைக் கழட்டின கை ஞாபகம் வந்தது. என்ன பண்றது? அண்ணாச்சி பயங்கரமா இருமி, "ஏ, இரும் வே! அது வேற மாடலு. உம்ம மக வச்சிருக்கிறது பெருசா? ஆமான்னா அது ஆயிரத்து இருநூறுல்லா. ரெண்டையும் வீட்டுலயே போட்டுட்டுப் போம்! சூடு பண்ணுற சாமான் ஒண்ணு வண்டிக்குள்ள ஏறப்பிடாது!"ன்னார்.

"மகளுக்கு வருத்தமா இருக்குமேங்க அண்ணாச்சி?"

"அவ நல்ல பிள்ள வே. தாங்கிக்கிடுவா."

"ஆமாங்க. நல்ல புள்ளைதான்"னார் அப்பா. குரல் ஒரு மாதிரி இருந்தது. அலர்ஜி.

தியாகம்தான்க்கா. ஆனா கூடவே அப்பாவோட இஸ்திரிப் பெட்டியையும் பிடுங்கிட்டேன் இல்ல? அங்க பாருங்க சட்டையை. சுருட்டின அப்பளம் மாதிரி இருக்கு. தன் சட்டை இப்படிக் கசங்கினதுக்குக் காரணம் பெத்த பொண்ணுன்னு அந்த மனுஷனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னும் சொல்லிட முடியாது. ஒரு தடவை அண்ணாச்சி, "பேட்டரி ரெண்டையும் பின்னால டிக்கில வச்சிரும்"னார். அப்பா விடலை. "ஆகாதுங்க அண்ணாச்சி. ஒவ்வொண்ணும் அம்பது கிலோவுக்கு மேல. வால்ல பாரம் ஏத்தினா, ஜீப்பு வேகம் எடுக்கிறப்போ பின்னால பாம்பாட்டம் ஆடும். அச்சுக்கு மேலதான் வைக்கோணும்"னார். "அதைத்தாம்வே சொல்ல வந்தேன்"னேன். சமாளிக்கத் தெரியணும்.

பாவம், ஞாபக மறதியும் ஜாஸ்தி ஆயிடுச்சு. ஒரு நாள், "அண்ணாச்சி, திங்கக்கிழமை உங்களுக்குப் பரீட்சை, அதனால புதன்கிழமை கூப்பிடுங்க"ன்னார். அப்புறம் அவரே, "அட, எம் மகளுக்குப் பரீட்சைங்க"ன்னு திருத்திக்கிட்டார். இன்னொரு நாள் அண்ணாச்சி இன்வெர்ட்டரைப் பத்தி விளக்கிட்டு இருக்கும்போது, "சாப்பிட்டுட்டுப் பேசலாம்ங்க, தோசை ஆறிப் போகுது"ன்னார். அவர் தோசைன்னு நினைச்சேன். கீழ போய்ப் பார்த்தா என் தட்டுதான் மூடி வச்சிருந்தது. அவர் சாப்பிட்டு முடிச்சிருந்தார். பாருங்க, அண்ணாச்சிகிட்டப் பேசுற மயக்கத்தில் தான் சாப்பிட்டதே மறந்து போச்சு!

அக்கா, நீங்க தப்பான இடத்தில் சிரிக்கிறீங்க. அடக்குங்க. அவங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கம் பார்க்கிறாங்க.

சரி, முடிவுக்கு வர்றேன். நேத்துக் காலையில் கிளம்பறதா பேச்சு. முந்தாநாள் ராத்திரி வரைக்கும் அம்மா மட்டும், "பார்க்கலாம், பார்க்கலாம்"னே சொல்லிட்டு இருந்தாங்க. அப்பா அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "அவளுக்கு தைரியம் வரலைங்க. நீங்க ஒரு வார்த்தை பேசுங்க"ன்னு அம்மாகிட்ட போனைக் கொடுத்துட்டார். நான் மாடியில் தொட்டிக்குப் பின்னால போய் உக்காந்துட்டேன். அம்மாகிட்ட நான் அதுவரைக்கும் அண்ணாச்சியாப் பேசினதே இல்லை.

"தாயி, பயப்படாத"ன்னேன். "ரெண்டு தடவை கூட்டிப் பாத்துட்டேன். மூணாவது தடவையும் பாத்தேன். மழை மூடாக்குப் போட்டாக்கூட ஒரு ராத்திரி தாங்கும். உனக்கு மூச்சு நிக்காது."

அம்மா, "நீங்க சொன்னாச் சரிங்க அண்ணாச்சி"ன்னாங்க. கீழ இறங்கிப் பார்த்தா வண்டி ஜன்னலில் திரையை மாட்டிட்டு இருந்தாங்க.

நேத்து சாயங்காலம் இங்க வந்து சேர்ந்தோம். இன்னைக்குக் காலையில் எழுந்து முதல் வேலையா மீட்டரைத்தான் பார்த்தேன். அறுபது சதவீதம் மிச்சம்! அம்மா மாஸ்க்கோட நிம்மதியாத் தூங்கிட்டு இருந்தாங்க. அப்பா வெளியில் மணலில் நின்னுக்கிட்டு உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டுட்டார், நன்றி சொல்ல. ஃபர்ஹானா போன் என் பையில், பை அப்பாவுக்குப் பக்கத்துப் படியில்! கோழி கொக்கரிக்கிற ரிங்டோன் வேற. அப்பா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யார் போனோ அடிக்குது, எடு கண்ணு"ன்னுட்டு, காதில் போனை வச்சபடியே நாலடி தள்ளிப் போயிட்டார். கடல் இரைச்சலில் அவருக்கு ஒண்ணும் தோணலை. நான் உள்ள ஓடிப் போர்வைக்குள்ள புகுந்து, "இசக்கி பேசுதேன்"னேன். ஜன்னலுக்கு வெளியில்தான் அப்பா நிக்கிறார். "கொஞ்சம் எதிரொலி வருதுங்க அண்ணாச்சி"ன்னார். "டவர் சரியில்ல வே"ன்னேன். நம்பிட்டார்க்கா! நம்பிட்டார்!

இப்ப சிரிங்க. இதான் அந்த இடம். ஏன், முன்னாலயே சிரிச்சுத் தீர்த்துட்டீங்களா?

அட, பாருங்க, அடிக்குது! அப்பா நம்பர். இதுக்கு மேல என்ன வேணும், நேரிலேயே பார்த்துக்குங்க. ஸ்பீக்கரில் போடறேன். மூச்சு விடக் கூடாது.

"ஆங்... இசக்கி பேசுதேன். ஆரு?"

"இருங்க இருங்க அண்ணாச்சி, நான் யாருன்னு சொல்லிடறேன். நான் மிருதுளா பேசறேன்."

"ஆரு?"

"மிருதுளா அண்ணாச்சி. செங்கோட்டுவேல் பொண்ணு. சத்தியமா! எங்க அம்மா நேத்து படுத்தவங்க, இன்னைக்கு ஆறே முக்காலுக்குத்தான் எழுந்தாங்க. நடுவில் ஒரு தடவை கூட முழிப்பு வரலை. மூணு வருஷத்தில் வெளியூரில் தூங்கின முதல் ராத்திரி. உங்க கணக்கு ஒரு வாட்டு கூடப் பிசகலைங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"ரொம்ப சந்தோசம் மிருதுளா. அம்மைய நல்லாப் பாத்துக்கோ, என்ன..."

அக்கா.

இது யாரு பேசுறது? இந்தக் குரலை நான் எங்கயோ... 'சத்தியமா'வைக் கடைசியில் இழுக்குறது, மூச்சு விடாம அடுத்த வரிக்குத் தாவுறது... எங்கயோ என்ன எங்கயோ. மிருதுளா நான்தானே? நான் இங்கதானே நிக்கிறேன்?

அங்க பாருங்க. போன் அம்மா காதில் இருக்கு. அப்பா அம்மாவோட தோளைப் பிடிச்சுக்கிட்டு, மண்ணில் விழாத குறையாக் குனிஞ்சு குனிஞ்சு...

"அண்ணாச்சி? லைன்ல இருக்கீங்களா? எங்க அப்பா அடுத்த தடவை கன்னியாகுமரி போலாங்கறார். ரெண்டு ராத்திரிக்குக் கணக்குப் போட்டுத் தருவீங்களா?"

"அம்மா"ன்னேன்க்கா. அதுவும் அண்ணாச்சி குரலிலேயே வந்துடுச்சு.